தமிழில் கணினிப் பாடம் எழுதுகிறவர்களுக்கு: லிப்ரே ஆபீஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாருக்காக?

தமிழில் கணினி சொல்லித்தருகிற எல்லாருக்கும். யூடியூபில் எக்செல் பாடம் போடுகிறவர், வலைப்பதிவில் எழுதுகிறவர், காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ சென்டர் நடத்திக்கொண்டு மாணவர்களுக்கு நோட்ஸ் அடித்துக் கொடுக்கிறவர், பள்ளியில் பாடம் எடுக்கிற ஆசிரியர். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இப்போது வேர்டிலும் எக்செல்லிலும் நீங்கள் செய்து காட்டுகிற வேலைகளை லிப்ரே ஆபீஸிலும் செய்து காட்டுங்கள். அது வேர்ட், எக்செல் மாதிரி வேலைகளைச் செய்கிற இலவச மென்பொருள் தொகுப்பு. எக்செல் பாடத்தை நிறுத்த வேண்டாம், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

எல்லாரும் எக்செல் என்றுதானே தேடுகிறார்கள், இதை யார் பார்ப்பார்கள்?

எக்செல் என்று தேடுவது உண்மை. தெரிந்த பெயர் அது ஒன்றுதான் என்பதால் அதையே அடிக்கிறார்கள். ஆனால் பாடத்தைப் பார்த்து முடித்துவிட்டு அவர் எந்தக் கணினியில் உட்கார்ந்து செய்து பார்க்கப் போகிறார் என்று ஒருதரம் யோசித்துப் பாருங்கள். அரசு கொடுத்த பழைய மடிக்கணினி, அண்ணன் சென்னையில் வேலைக்குப் போனபிறகு வீட்டில் விட்டுப்போன கணினி, கடையில் பில் போடுகிற கணினி, இப்படித்தான் இருக்கும். அதில் காசு கொடுத்து வாங்கிய மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் இருக்கும் என்று நம்ப எனக்குத் தோன்றவில்லை. ஒன்று, முப்பது நாள் சோதனைக் காலம் முடிந்து பூட்டிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் யாரோ பென் டிரைவில் கொண்டுவந்து போட்ட கிராக் காப்பி இருக்கும், அதோடு என்னென்ன வைரஸ் உள்ளே வந்தது என்பது யாருக்கும் தெரியாது. நாம் பாடத்தை எக்செல்லில் மட்டும் போடும்போது, வாங்க வசதி இல்லாதவரை அந்தக் கிராக் காப்பியின் பக்கம் நாமே தள்ளிவிடுகிறோம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் இருப்பது லிப்ரே ஆபீஸின் கூடப்பிறந்த ஓப்பன் ஆபீஸ்தான்: வேர்ட் மாதிரி ரைட்டர், எக்செல் மாதிரி கால்க், பவர்பாயிண்ட் மாதிரி இம்ப்ரஸ். அதைப் படிக்கிற பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், செய்முறைத் தேர்வு நெருங்கும்போது தமிழில் விளக்கம் தேடுகிறார்கள். பார்க்க ஆள் இல்லையே என்று கவலைப்படுகிறவர் முதலில் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்து, அதிலிருக்கிற பயிற்சிகளை ஒவ்வொன்றாகச் செய்து காட்டலாம்.

ஓப்பன் ஆபீஸ் வேறு, லிப்ரே ஆபீஸ் வேறா? எதற்கு எழுதுவது?

லிப்ரே ஆபீஸுக்கு எழுதுங்கள். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஸ்டார் ஆபீஸ் என்ற ஜெர்மானிய மென்பொருளை 1999-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது, அடுத்த வருடமே அதன் மூலநிரலைத் திறந்துவிட்டது, அதுதான் ஓப்பன் ஆபீஸ் ஆனது. 2010-ல் ஆரக்கிள் சன்னை வாங்கிய பிறகு, அந்த வேலையில் ஈடுபட்டிருந்தவர்களில் ஒரு பெரிய கூட்டம் பிரிந்து வந்து அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று லிப்ரே ஆபீஸை அறிவித்தது. இன்று அதைப் பராமரிப்பது பெர்லினில் பதிவான டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை. ஓப்பன் ஆபீஸ் 2011-ல் அப்பாச்சி அறக்கட்டளைக்குப் போனது. அங்கே 2014-ல் 4.1 பதிப்பு வந்தது, அதற்குப் பிறகு சின்னச் சின்னத் திருத்தங்கள்தான் வந்துகொண்டிருக்கின்றன. பாடப் புத்தகத்தில் ஓப்பன் ஆபீஸ் என்று இருந்தாலும் அந்தப் பாடங்களில் பெரும்பாலானவை லிப்ரே ஆபீஸில் அப்படியே நடக்கும். மெனு இடம் மாறியிருக்கிற சில இடங்களைச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

எந்தப் பதிப்பை வைத்துப் பாடம் போடுவது?

வருடத்துக்கு இரண்டு பதிப்பு வருகிறது, பிப்ரவரியில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. 2024-லிருந்து பதிப்பு எண்ணே வருடமும் மாதமும்தான்: 24.2, 24.8, 25.2 என்று. உங்கள் பாடத்தின் முதல் வரியிலேயே எந்தப் பதிப்பு, விண்டோஸா லினக்ஸா என்று சொல்லிவிடுங்கள். பாதி சந்தேகக் கேள்விகள் அதிலேயே குறைந்துவிடும். பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் தேவை: 25.8 பதிப்பிலிருந்து விண்டோஸ் 7, 8 இரண்டிலும் ஓடாது. நம் பக்கத்து வீடுகளிலும் சென்டர்களிலும் விண்டோஸ் 7 இன்னும் நிறைய இருக்கிறது, அவர்களுக்கு அதற்கு முந்தைய பதிப்பைக் காட்டுங்கள், இல்லையென்றால் லினக்ஸ் போடச் சொல்லுங்கள். லினக்ஸ் வகைகள் பலவற்றில் லிப்ரே ஆபீஸ் கூடவே வந்துவிடும்.

தோற்றம் பழசாக இருக்கிறது, பார்த்தவுடனே பிள்ளைகள் மூடிவிடுகிறார்கள் என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள். வியூ மெனுவில் யூசர் இண்டர்ஃபேஸ் என்று ஒன்று இருக்கிறது, அதில் டேப்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் எக்செல்லில் பார்த்துப் பழகிய ரிப்பன் மாதிரியே மேலே பட்டைகள் வந்துவிடும். உங்கள் முதல் பாடத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

என்னென்ன தலைப்பில் எழுதலாம்? ஆங்கிலத்தில் எல்லாம் இருக்கிறதே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. ஆங்கிலப் பாடங்களில் எடுத்துக்காட்டு என்றால் ஏதோ ஒரு கம்பெனியின் காலாண்டு விற்பனை அட்டவணை. நம்மவருக்கு அது ஒட்டுவதில்லை. நம் ஊரில் நடக்கிற கணக்கிலிருந்து எடுங்கள்.

மொய் நோட்டிலிருந்தே தொடங்கலாம். கல்யாணம் முடிந்த மறுநாள் அந்த நோட்டை வைத்துக்கொண்டு ஊர்வாரியாகப் பிரித்துக் கூட்டுவது எவ்வளவு பெரிய வேலை என்று எல்லா வீட்டுக்கும் தெரியும். ஊர், பெயர், தொகை என்று மூன்று நெடுவரிசை போட்டு கால்க்கில் ஏற்றிவிட்டால், பைவட் டேபிள் என்கிற தொகுப்பு அட்டவணை ஒன்றில் பள்ளத்தூர் எவ்வளவு, கோட்டையூர் எவ்வளவு, கானாடுகாத்தான் எவ்வளவு என்று வந்துவிடும். அடுத்து அவர்கள் வீட்டு விசேஷம் வரும்போது பெயரைத் தேடிப் பார்த்துத் திருப்பிச் செய்யலாம். பைவட் டேபிளை இதைவிட எளிதாக ஒரு ஆச்சிக்குப் புரியவைக்க முடியாது என்று நினைக்கிறேன். அதே மாதிரி நகரக் கோயில் புள்ளி வரி, அதாவது நகரத்தார் கோயிலுக்குக் குடும்பத்தைப் புள்ளி என்று கணக்கிட்டு வாங்குகிற வரி: புள்ளிக்கு இவ்வளவு, இன்னார் கட்டிவிட்டார், இன்னாருக்குப் பாக்கி. இதில் இஃப், சம்இஃப், வி லுக்அப் மூன்றும் இயல்பாக வந்துவிடும்.

பெயர்களை வரிசைப்படுத்துவதைத் தனிப் பாடமாகவே போடலாம். கணினியில் எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுத்திருக்கிற யூனிகோடு அட்டவணையில் ந-வுக்கு அடுத்து உடனே ன வருகிறது, ச-வுக்குப் பக்கத்தில் ஜ நிற்கிறது, ஆகவே வெறும் குறியீட்டு வரிசையில் அடுக்கினால் நம் அகரவரிசை வராது. கால்க்கில் சார்ட் பெட்டியின் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் மொழியைத் தமிழ் என்று கொடுத்து அடுக்கலாம். இதைத் தமிழில் பாடம் எழுதுகிறவர் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

ஆத்தங்குடிக் கல் போடுகிற பட்டறைக்காரருக்கு ஒரு மதிப்பீட்டுத் தாள் செய்து காட்டுங்கள். 100 சதுர அடி அறை, 10 அங்குலக் கல். ஒரு சதுர அடிக்கு 144 சதுர அங்குலம், ஒரு கல்லுக்கு 100, ஆக 144 கல் வேண்டும், உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 151.2, ரவுண்ட்அப் போட்டால் 152. அறையின் அளவையும் கல்லின் அளவையும் மாற்றினால் எண்ணிக்கை தானே மாறும். சூத்திரம், முழு எண்ணாக்குவது, செல் முகவரியைப் பூட்டுவது என்று ஒரே தாளில் நாலைந்து விஷயம் சொல்லிவிடலாம். தொகையை லட்சக் கணக்கில் கமா போட்டுக் காட்டுவதையும் மறக்க வேண்டாம், எண் வடிவத்தில் கமாக்களை நம் முறைப்படி இடம் மாற்றிக் கொடுத்தாலே 1,25,000 என்று வரும்.

ரைட்டர் பக்கம் வந்தால் பத்திரிகை உறை முகவரிகள். பட்டியலிலிருந்து ஒவ்வொரு முகவரியாக எடுத்துத் தானே அச்சடிக்கிற மெயில் மெர்ஜ் இங்கே வேர்டில் இருப்பது மாதிரி இல்லை, கால்க் கோப்பை முதலில் தரவு மூலமாகப் பதிவு செய்ய வேண்டும், அந்த ஒரு படியில்தான் எல்லாரும் தடுக்கி விழுந்து விட்டுவிட்டுப் போகிறார்கள். நிதானமாக, படம் படமாக, தமிழில் இதற்கு ஒரு பாடம் வந்தால் போதும், தை, ஆவணி முகூர்த்த காலத்தில் எத்தனையோ வீட்டில் உதவும். அப்புறம் கும்பாபிஷேக மலர். கட்டுரைகள், தலைப்புகள், பொருளடக்கம், பக்க எண் என்று ஒரு நூறு பக்கப் புத்தகத்தை ஸ்டைல்ஸ் (பெயர் வைத்துச் சேமித்த எழுத்து அமைப்பு) வைத்து அடுக்குவதில் ரைட்டர் மிகவும் கெட்டிக்காரத்தனமானது. எஃப் 11 அழுத்தினால் ஸ்டைல் பட்டியல் வரும். தலைப்பின் அளவை ஓரிடத்தில் மாற்றினால் புத்தகம் முழுக்க மாறுவதைக் காட்டுங்கள், பார்க்கிறவர் பிறகு ஒவ்வொரு தலைப்பாக போல்ட் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

தமிழ் எழுத்து சரியாக வருமா?

வரும். 2017-ல் வந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளத்திலும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே எழுத்துப் பொறியைத்தான் பயன்படுத்துகிறது, கொம்பும் காலும் இடம் மாறி உட்காருகிற தொல்லை பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் தொடக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் பாடம் போட்டால் புதியவர் குழம்பிப்போவார். இந்த மென்பொருள் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழ் மாதிரி மொழிகளுக்கு வேறொரு எழுத்துரு என்று தனித்தனியாக வைத்திருக்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் மொழி அமைப்பில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்பதற்கு டிக் போட்டு, தமிழைத் தேர்ந்தெடுத்து, இயல்பான எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழையோ நிர்மலாவையோ வைத்துவிட்டால் பிறகு தொந்தரவு இல்லை.

யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருக்களான பாமினி, வானவில்லில் அடித்த கோப்புகள் வேறு கதை. டிடிபி கடைகளில் வருடக்கணக்காகச் சேர்ந்து கிடக்கின்றன. அந்த எழுத்துரு இருந்தால் திறக்கும், அச்சாகும், ஆனால் தேடவோ அகரவரிசைப்படுத்தவோ முடியாது. யூனிகோடுக்கு மாற்றி ரைட்டரில் ஒட்டுவது எப்படி என்று ஒரு பாடம் எழுதினால் அந்தக் கடைக்காரர்களே தேடி வந்து படிப்பார்கள்.

வேர்டில் செய்த கோப்பைத் திறந்தால் எல்லாம் குலைந்துபோகிறதாமே?

சில சமயம் குலையும், மறைக்க வேண்டியதில்லை. பெரும்பாலான நேரம் காரணம் எழுத்துரு. கலிப்ரி இல்லாத கணினியில் அதே அகலம் கொண்ட கார்லிட்டோவை லிப்ரே ஆபீஸ் போட்டுக்கொள்கிறது, அதனால் ஆங்கிலக் கோப்புகளில் வரிகள் பெரிதாக நகராது. எக்செல்லில் எழுதிய மேக்ரோக்கள், அதாவது வேலையைத் தானே செய்ய வைக்கிற சின்ன நிரல்கள், ஓரளவுதான் ஓடும். வெளித் தரவை இழுத்துச் சீராக்குகிற எக்செல்லின் பவர் குவெரி இங்கே இல்லை. வி லுக்அப்பின் புதிய வடிவமான எக்ஸ் லுக்அப் 24.8-ல்தான் வந்தது, பழைய பதிப்பில் எழுதினால் பிழை காட்டும். இதையெல்லாம் பாடத்தில் நேராகச் சொல்லுங்கள். குறையைச் சொல்லாமல் புகழ்ந்து மட்டும் எழுதினால், படித்தவர் முதல் சிக்கலிலேயே நம்பிக்கை இழந்து திரும்பிப் போய்விடுவார், மறுபடி வரமாட்டார்.

நடைமுறைக்கு ஒரு வழி: உங்கள் சொந்தக் கோப்பை லிப்ரே ஆபீஸின் இயல்பான ஓடிஎஃப் வடிவத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அது 2006-லிருந்து ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரம். அடுத்தவர் திருத்த வேண்டுமென்றால் வேர்டின் டாக்எக்ஸ் ஆகச் சேமித்து அனுப்புங்கள். பார்க்க மட்டும் வேண்டுமென்றால் பிடிஎஃப், மேலே பட்டையில் ஒரே பொத்தான்.

வேலைக்குப் போனால் எக்செல் தெரியுமா என்றுதானே கேட்கிறார்கள்? மாணவர்களை ஏமாற்றுவது ஆகாதா?

நியாயமான கேள்வி. கூட்டல், இஃப், கவுண்ட்இஃப், வி லுக்அப், வடிகட்டுதல், பைவட், வரைபடம், இவையெல்லாம் இரண்டிலும் ஒன்றேதான், சூத்திரத்தின் பெயர்கூட மாறாது. வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் கால்க்கில் பழகிய பெண், வாரத்தில் ஒருநாள் மட்டும் சென்டரில் எக்செல்லைத் தொட்டுப் பார்த்தவரைவிட நன்றாகச் செய்வார், கை பழகியிருக்குமே. வித்தியாசப்படுகிற இடங்களை மட்டும் ஒரு தனிப் பக்கமாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நேர்முகத் தேர்வுக்குப் போகட்டும்.

எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பயிற்சிக் கோப்பைக் கட்டாயம் சேர்த்துக் கொடுங்கள், அதுவும் ஓடிஎஃப், மைக்ரோசாஃப்ட் என்று இரண்டு வடிவத்திலும். மெனு பெயர்களை எந்த மொழி இடைமுகத்தில் சொல்கிறீர்கள் என்பதை முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள், தமிழ் இடைமுகமும் இருக்கிறது, ஆனால் பாதி ஆங்கிலம் பாதி தமிழ் என்று கலந்து சொன்னால் படிக்கிறவர் திரையில் தேடித் தேடிக் களைத்துப்போவார். வீடியோ போட்டால் அதே பாடத்தை எழுத்திலும் கொடுங்கள். நிறையப் பேர் ஃபோனில் பார்த்துக்கொண்டு கணினியில் செய்கிறார்கள், நிறுத்தி நிறுத்திப் பின்னால் தள்ளிப் பார்ப்பதைவிடப் படிகளை வரிசையாகப் படிப்பது அவர்களுக்குச் சுலபம். உண்மையான மொய் நோட்டையோ கோயில் பட்டியலையோ திரையில் காட்டிவிடாதீர்கள், ஊரில் ஆள் அடையாளம் தெரிந்துவிடும், பெயரையும் எண்ணையும் கற்பனையாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

கணினியே இல்லாதவர்கள் என்ன செய்வது?

ஆண்ட்ராய்டில் கொலாபரா ஆபீஸ் என்ற செயலி இருக்கிறது, லிப்ரே ஆபீஸின் அடித்தளத்தில் செய்தது, கோப்பைத் திறந்து திருத்தலாம். பெரிய வேலைக்குச் சின்னத் திரை சரிப்படாது. ஆனால் பயிற்சிக் கோப்பைத் திறந்து சூத்திரம் மாற்றிப் பார்க்கத் தாராளமாகப் போதும்.

தமிழில் ஏற்கெனவே ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டத்தில் லிப்ரே ஆபீஸ் பாடங்கள் தமிழ்க் குரலில் கிடைக்கின்றன. ஒழுங்காக அடுக்கப்பட்டவை, கூடவே செய்து பார்க்கிற மாதிரி அமைத்திருக்கிறார்கள், ஆனால் பல பாடங்கள் பழைய பதிப்பில் பதிவானவை. கணியம் இதழ் 2012-லிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறது, எழுத விரும்புகிறவர்களை வரவேற்கவும் செய்கிறது. லிப்ரே ஆபீஸின் அதிகாரபூர்வக் கையேடுகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலும் வெளியாவதால், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு அவற்றைத் தமிழில் கொண்டுவர யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இவ்வளவு இருந்தும் மொய்க் கணக்கு, உறை முகவரி, பாமினி மாற்றம் மாதிரி நம் வேலைகளுக்கான பாடம்தான் குறைவாக இருக்கிறது.

இதில் வருமானம் உண்டா? கட்டணம் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். மொசில்லா பொது உரிமம் 2.0-ன் கீழ் வருகிற மென்பொருள் அது, எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போடலாம், பென் டிரைவில் நகலெடுத்து மாணவர்களுக்குக் கொடுக்கலாம், சொல்லித்தருவதற்குக் காசு வாங்குவதை எதுவும் தடுக்கவில்லை. சென்டர் நடத்துகிறவருக்கு இது நேரடி லாபம்கூட: இருக்கிற கணினி அத்தனையிலும் உரிமச் செலவில்லாமல் முறையாக நடத்தலாம், யாராவது வந்து சோதனை செய்தாலும் பயமில்லை.

மென்பொருளிலேயே தமிழ்ப் பிழை கண்டால்?

பிழைகளைப் பதிவு செய்கிற லிப்ரே ஆபீஸின் பக்ஸில்லா தளத்தில் அதைப் பதியலாம், பதிப்பு எண்ணும் சின்ன மாதிரிக் கோப்பும் சேர்த்துப் பதிந்தால் கவனிக்கிற வாய்ப்பு அதிகம். இடைமுகத்தின் தமிழாக்கம் வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் நடக்கிறது, கணக்கு தொடங்கி நீங்களும் சொற்களைப் பரிந்துரைக்கலாம். பாடம் எழுதுகிறவர்கள்தான் மெனுவை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறவர்கள், உங்கள் கண்ணில் படுகிற குறை வேறு யார் கண்ணிலும் படாமல் போகலாம்.

சரி, முதல் பாடமாக எதைப் போடுவது?

நிறுவுவதை. அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்கச் சொல்லுங்கள், தேடலில் முதலில் வருகிற வேறு தளங்கள் சில கூடவே தேவையில்லாததையும் ஏற்றிவிடும். முந்நூறு எம்பிக்கு மேல் இருக்கும், டேட்டா குறைவாக இருப்பவர் சென்டரிலேயே பென் டிரைவில் வாங்கிக்கொள்ளலாம் என்பதையும் சொல்லுங்கள். நிறுவும்போது கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்துத் தமிழ் இடைமுகத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், பிறகு மேலே சொன்ன தமிழ் எழுத்துரு அமைப்பு, டேப்ட் தோற்றம். இரண்டாவது பாடத்துக்கு மொய்க் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.